மரப்பிடிக் கைவினைக் கத்தி: பதினான்கு மாதம் நறுக்கிய பிறகு

இந்தக் கத்தியை நான் வாங்கியதே பிடிக்காகத்தான். மேப்பிள் மரத்தின் உடம்பில் கட்டி போல வீங்கி வளரும் பகுதி இருக்கிறதே, அதை அறுத்து இழைத்த பிடி. தண்ணீர் மேல் எண்ணெய் விழுந்தால் சுழன்று விரியுமே, அந்த மாதிரி ரேகை. அதற்கு முன்னால் கருங்காலியில் ஒரு துண்டு, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகடு. படத்தைப் பார்த்ததுமே மனசு அதன் மேல் விழுந்துவிட்டது. பதினான்கு மாதமாக ஏறக்குறைய தினமும் இதில்தான் நறுக்குகிறேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் அலகைப் பற்றிப் பேசுவேன். பிடிக்கு வரும்போதும் ரேகையை விட்டுவிட்டு அந்தப் பித்தளையும் கருங்காலியும் சேரும் கோட்டைத்தான் காட்டுவேன். இப்படிக் கத்தி வாங்க நினைக்கும் பலரும் நான் பார்த்த அதே வரிசையில்தான் பார்ப்பார்கள்: முதலில் பிடி, அப்புறம் அலகின் மேல் ஓடும் வேலைப்பாடு, கடைசியாக எஃகு. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அலகு 210 மில்லிமீட்டர் நீளம், பின்மூலையில், அதாவது பிடியை ஒட்டிய இடத்தில், 48 மில்லிமீட்டர் உயரம். மொத்த எடை 192 கிராம். முதுகின் கனம் பிடிக்குப் பக்கத்தில் 3.2 மில்லிமீட்டர், நடுவில் 2.2, முனைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் 0.9. இந்தக் கடைசி மூன்று எண்களைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, விற்பவர்களும் எழுதுவதில்லை. ஆனால் கையால் அடித்த கத்திக்கும் ஒரே கனத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த கத்திக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்களில்தான் இருக்கிறது. முதுகு பிடியிலிருந்து முனை வரை சீராக மெலிந்துகொண்டே போனால் பின்பக்கத்தில் அழுத்தி வெட்டத் தெம்பு கிடைக்கும், முனையில் வெங்காயத்தைக் கிடைமட்டமாகக் கீறும்போது அலகு இருப்பதே தெரியாமல் உள்ளே போகும். ஒரே கனமாக இருந்தால் முனை ஆப்பு மாதிரி வெங்காயத்தைப் பிளக்கும், பாதியில் அடுக்குகள் நழுவும்.

எஃகு 52100. தாங்குருளைகள், அதாவது பால் பேரிங் செய்வதற்கென்று உண்டான எஃகு. கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம் அளவில். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும், எனவே இது துருப்பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். கடினம் ராக்வெல் சி அளவில் 61 என்று செய்தவர் சொன்னார். பழக்கமான ஐரோப்பிய பாணிச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை இருக்கும். இந்த மூன்று முதல் ஐந்து புள்ளி வித்தியாசம் கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், கையில் எடுத்தால் தெரியும். மென்மையான எஃகில் கூர்விளிம்பு ஒரு பக்கம் மடங்கும், எஃகுத் தண்டில் இரண்டு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். கடினமான எஃகு மடங்காது, நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் தப்பாகப் பயன்படுத்தினால் மடங்குவதற்குப் பதில் உடைந்து பல் விழும். எனக்கு விழுந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறைக்காரர்கள் தோய்ச்சல் என்று சொல்வார்கள், சூடாக்கிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் வேலை. கத்தியின் உயிர் அங்கேதான். எளிய கார்பன் எஃகை உலையில் காய்ச்சும்போது காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். 770 டிகிரி செல்சியஸை ஒட்டி இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும், அதற்குக் கொஞ்சம் மேலே போய் முக்க வேண்டும் என்பது கணக்கு. 52100-க்கு அந்தக் கண்ணளவு போதாது. குரோமியம் கலந்திருப்பதால் உள்ளே இருக்கும் கார்பைடு, அதாவது கார்பன் உலோகத்தோடு சேர்ந்து உண்டான கடினத் துகள்கள், கரைய நேரம் எடுக்கும், சுமார் 840 டிகிரியில் சில நிமிடங்கள் அப்படியே நிறுத்தி வைத்துத்தான் முக்க வேண்டும். எனவே சூட்டைச் சரியாகக் காட்டும் மின் உலை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பிறகு 200 டிகிரியை ஒட்டி இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் வாட்டி எடுக்கிறேன் என்று எழுதினார். முக்கியவுடன் எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும், இந்த வாட்டல்தான் அதற்குத் தாங்கும் சக்தியைத் தருவது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வந்தது எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது. கத்தி செய்பவரிடம் மரத்தைப் பற்றி நான்கு கேள்வி கேட்டால் தோய்ச்சலைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இவ்வளவு கேட்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் இதற்கு முன்னால் வாங்கிய கத்தி. அதுவும் அலங்காரக் கத்திதான், இணையத்தில் ஓரிடத்தில் வாங்கியது. அலகு முழுக்க டமாஸ்கஸ் நீரோட்டம், அதாவது தண்ணீர் ஓடுவது போன்ற கோடுகள், பிடியில் மூன்று நிற மரம், நடுவில் பூப்பூவாகத் தெரியும் மொசைக் ஆணி. மூன்றாவது வாரமே தக்காளித் தோல் மேல் வழுக்க ஆரம்பித்தது. சாணைக்கல்லில் எத்தனை தடவை தேய்த்தாலும் நான்கு நாளுக்கு மேல் கூர் நிற்கவில்லை. ஒரு நாள் அலகின் பக்கத்தில் விழுந்த கீறலை எடுக்க உப்புத்தாளை வைத்து லேசாகத் தேய்த்தேன், நீரோட்டம் கையோடு அழிந்து வந்துவிட்டது. லேசரில் மேலோட்டமாகப் பொறித்த படம் அது. அன்றைக்கு வந்த வருத்தத்தில் நிறையப் படித்தேன்.

இந்த டமாஸ்கஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெயர் பெற்ற பழைய டமாஸ்கஸ் வாள்கள் மூசையில் உருக்கி எடுத்த எஃகால் ஆனவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்து வெளியே போன அந்த உருக்குக்குத்தான் ஊட்ஸ் என்று பெயர். அதில் தெரிந்த நீரோட்டம் எஃகுக்குள்ளேயே கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்பதால் வருவது. இன்று கத்திகளில் டமாஸ்கஸ் என்று விற்பது வேறு. இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, மடித்து, முறுக்கிச் செய்வது. பெரும்பாலும் 1095 மாதிரியான ஒரு கார்பன் எஃகு, அதோடு 2 சதவீதம் நிக்கல் கலந்த 15என்20. செய்து முடித்து ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் கார்பன் எஃகு கறுக்கும், நிக்கல் உள்ளது வெளுத்து நிற்கும், நீரோட்டம் எழும். உண்மையான அடுக்கு எஃகு என்றால் அந்தக் கோடுகள் முதுகின் மேலேயும் தொடர்ந்து ஓடும், தேய்த்து அழித்தாலும் மறுபடி கரைசலில் முக்கினால் திரும்பி வரும். முதுகு வெறுமையாக இருந்து பக்கத்தில் மட்டும் படம் இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, நல்ல டமாஸ்கஸ் பார்க்க அழகு, அவ்வளவுதான். அதே எஃகை ஒற்றையாக அடித்து நன்றாகத் தோய்ச்சல் கொடுத்தால் ஒரு குறையும் இல்லாமல் வெட்டும். அதனால்தான் இந்தமுறை அலகில் எந்த வேலைப்பாடும் வேண்டாம், பிடியில் மட்டும் அழகு இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

சரி, அலகு எப்படி வெட்டுகிறது? முதல் நாள் கேரட்டை நறுக்கினேன். கேரட்தான் கத்தியின் வண்டவாளத்தைக் காட்டும் காய். கனமான கத்தி என்றால் பாதி இறங்கியதும் டக் என்று சத்தத்தோடு பிளந்துகொள்ளும், துண்டின் ஓரம் பொரிந்து போயிருக்கும். இதில் அந்தச் சத்தம் வரவே இல்லை, வெட்டுப்பலகையில் அலகு தொடும் மெல்லிய தட்டல் மட்டும்தான். வெட்டிய முகம் ஈரமாக, கண்ணாடி மாதிரி மினுங்கியது. காரணம் கூர் மட்டுமில்லை. கூர்விளிம்புக்குச் சற்று மேலே, எஃகின் கனம் 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் தடித்திருந்தால் கத்தி ஆழமாக இறங்கத் திணறும். தீட்டிய கோணம் பக்கத்துக்கு 15 டிகிரி. வாங்குமுன் விற்பவரிடம் ஒரு படம் கேளுங்கள்: கத்தியை நிமிர்த்திப் பிடித்து, பின்மூலைப் பக்கத்திலிருந்து அலகின் குறுக்குவெட்டு தெரிகிற மாதிரி எடுத்த படம். முதுகிலிருந்து கூர் வரை எப்படி மெலிகிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். பத்து அழகான பிடிப் படங்களை விட அது மேல்.

தக்காளி, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் எல்லாம் சொல்லத் தேவையில்லை, நன்றாகவே போகிறது. கொத்தமல்லியை நறுக்கிப் பலகையில் விட்டுவைத்தால் இலை கறுக்காமல் இருக்கிறது, நசுங்காமல் அறுபடுவதால். முள்ளங்கியை வேகமாக அரியும்போது வட்டங்கள் அலகின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும். அது கொஞ்சம் தொல்லைதான், பக்கங்கள் மிகவும் வழவழப்பாகவும் தட்டையாகவும் இருப்பதால் வரும் குறை. வலப்பக்கத்தில் லேசான வளைவு கொடுத்திருந்தால் குறைந்திருக்கும்.

இப்போது பிடிக்கு வருகிறேன், நான் அதிகம் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான்.

எட்டுப் பட்டை வைத்து இழைத்த பிடி. நீளம் 135 மில்லிமீட்டர், அகலம் முன்னால் 21, பின்னால் 24. அலகின் வால் பகுதி பிடிக்குள்ளே ஒளிந்து போகிற வகை, வெளியே ஆணி எதுவும் தெரியாது. நான் கத்தியைப் பிடிப்பது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டாலும் அலகையே கிள்ளிப் பிடிக்கும் முறையில். அப்படிப் பிடிக்கும்போது பிடியைத் தொடுவது மீதி மூன்று விரல்கள்தான். அதிலும் நடுவிரல் உட்காரும் இடம் சரியாகக் கருங்காலியும் பித்தளையும் சேரும் கோடு. உள்ளங்கைக்கு அடியில் போய்விடும் அந்த அழகான மேப்பிள் பகுதியை நறுக்கும்போது நான் பார்ப்பதே இல்லை, கத்தியைக் கழுவித் துடைக்கும்போதுதான் பார்க்கிறேன். எட்டுப் பட்டையின் நன்மை நிஜமானது. கை ஈரமாக இருந்தாலும் பிடி உருளாது, அலகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும், வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் ஒரே மாதிரி வாட்டமாக இருக்கும். பட்டைகளின் ஓரங்களை மழித்து விட்டிருக்கிறார், விரலை உறுத்தாது. அலகின் முதுகையும் அப்படியே உருட்டியிருக்கிறார். விலை குறைந்த கத்திகளில் முதுகின் ஓரம் கூர்மையாகவே இருந்து, அரை மணி நேரம் நறுக்கினால் ஆட்காட்டி விரலின் அடியில் சிவந்த கோடு விழும். இதில் ஒரு நாள் கூட விழுந்ததில்லை. இந்த உருட்டல் வேலை அரத்தையும் உப்புத்தாளையும் வைத்து ஆள் உட்கார்ந்து கையால் செய்வது. கைவினை என்று சொல்லிக் காசு வாங்குவதற்கு உண்மையில் இதுதான் நியாயம்.

எடைச் சமநிலை பின்மூலையிலிருந்து 2 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது, கிள்ளிப் பிடிக்கும் இடத்திலேயே. ஒரு விரல் மேல் வைத்தால் கத்தி தராசு மாதிரி நிற்கும்.

மேப்பிளின் அந்தக் கட்டிப் பகுதி அழகாக இருப்பதற்குக் காரணமே ரேகை ஒரு திசையில் ஓடாமல் கன்னாபின்னாவென்று சுழல்வதுதான், அதுவேதான் அதன் பலவீனமும். நேர் ரேகை மரம் குறுக்குவாட்டில்தான் உப்பும் சுருங்கும், நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. சுழல் ரேகைக்கு எந்தப் பக்கம் உப்பும் என்று சொல்லவே முடியாது, உள்ளே சிறு ஓட்டைகளும் இருக்கும். எனவே வெற்றிடப் பாத்திரத்தில் போட்டு, மரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் அக்ரிலிக் பிசினை இறக்கி, சுமார் 90 டிகிரி சூட்டில் இறுக வைப்பார்கள். அப்படிச் செய்த மரம் தண்ணீருக்கு அசையாது, பாலிஷ் போட்டால் ஆழம் தெரியும். பதினான்கு மாதத்தில் மேப்பிள் பகுதி இம்மியும் மாறவில்லை.

கருங்காலி அப்படியில்லை. வைரம் பாய்ந்த, அவ்வளவு அடர்த்தியான மரத்துக்குள் பிசின் சரியாக இறங்காது, எனவே அதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். காற்று உலரும் மாதங்களில் அது கொஞ்சம் சுருங்குகிறது. பித்தளை சுருங்குவதில்லை. ஐந்தாவது மாதம், ஒரு நாள் நறுக்கிக்கொண்டிருக்கும்போது நடுவிரலின் முதல் மடிப்பில் ஏதோ மெல்லிய விளிம்பு உரசியது. கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தை மரத்திலிருந்து பித்தளைப் பக்கம் நகர்த்தினால் டிக் என்று தட்டியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது அந்தத் தூக்கல், ஆனால் முக்கால் மணி நேரம் நறுக்கினால் அந்த இடத்தில் தோல் எரியும். ஈரக் காற்று வரும் மாதங்களில் தானாகவே மறைந்துவிட்டது, உலர்ந்த மாதம் வந்ததும் திரும்பி வந்தது.

செய்தவருக்கு எழுதினேன். அனுப்புங்கள், இழைத்துத் தருகிறேன் என்றார், போக வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் நானே செய்ய வழி கேட்டேன். பொறுமையாக எழுதி அனுப்பினார்: அலகு முழுக்க டேப் சுற்றிவிடுங்கள், மரம் நன்றாக உலர்ந்து சுருங்கியிருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், அதிகம் உப்பியிருக்கும் நேரத்திலும் வேண்டாம், நடுவாந்தரமாக இருக்கும்போது தட்டையான கட்டையில் 400 உப்புத்தாளைச் சுற்றிப் பட்டை பட்டையாக நீளவாட்டில் தேய்த்து, அப்புறம் 800, அப்புறம் 1500. செய்தேன். முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், கருங்காலித் தூளும் ஈட்டி மரத் தூளும் பலருக்கு மூக்கையும் தோலையும் எரிக்கும். பித்தளைத் தூள் மேப்பிளின் வெளுத்த ரேகைக்குள் புகுந்து சாம்பல் நிறமாக நிற்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். மேப்பிள் பக்கத்தையும் டேப்பால் மூடியிருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் தேன்மெழுகு கலந்ததை மூன்று முறை பூசித் துடைத்ததும் கருங்காலி மறுபடி பளிச்சென்று ஆனது. இந்த வருடம் உலர்ந்த மாதத்தில் அந்த விளிம்பு லேசாகத் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். பிடியில் எத்தனை பொருள் சேர்க்கிறோமோ அத்தனை இணைப்பு. ஒவ்வொரு பொருளும் தன் இஷ்டத்துக்கு உப்பும், சுருங்கும், அந்தச் சண்டை நடப்பது இணைப்பில். ரேகை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் எந்த மரம் பிசின் ஏற்றியது, எது ஏற்றாதது, எத்தனை நாள் உலர்த்தியது என்று கேளுங்கள். இன்னொரு இணைப்பும் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: அலகின் வால் பிடிக்குள் நுழையும் வாய். அங்கே எபாக்சி பசை முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, வால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், துரு உப்பினால் மரம் வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கத்தி புத்தம் புதிதாகத் தெரியும், ஒரு நாள் பிடியோடு கழன்று வரும். என் கத்தியில் அந்த வாய் சுத்தமாக அடைத்திருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒரு குமிழ் கூட இல்லை. இதற்காகவே செய்தவருக்கு முழு மதிப்பெண் தருவேன், பித்தளை விளிம்பை மன்னித்துவிட்டேன்.

மரம் தேர்ந்தெடுக்கும்போது ஈட்டி வேண்டுமா என்றும் கேட்டார். ஈட்டி மர இனங்கள் 2017 தொடக்கத்திலிருந்து மொத்தமாகவே சைட்ஸ், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. நாடு விட்டு நாடு வரவழைக்கிறீர்கள் என்றால் அந்த மரத்துக்குக் காகிதம் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பல் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். முற்றிய பூசணியை வெட்டும்போது காம்புக்குப் பக்கத்தில் அலகு மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கப் பக்கவாட்டில் முறுக்கினேன். அது என் தப்பு, மெல்லிய கடினமான அலகை முறுக்கவே கூடாது. பின்மூலைக்கு மூன்று சென்டிமீட்டர் முன்னால் முக்கால் மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல் போனது. 400 கல்லில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் தேய்த்துச் சமன் செய்தேன், இப்போது தடயமே இல்லை. எலும்பு, உறைந்த உணவு, கெட்டித் தோல் பூசணி இதெல்லாம் இந்தக் கத்திக்கு ஆகாது. வீட்டில் கனமான பழைய கத்தி ஒன்று இருந்தால் அதை இந்த வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டுவது ஆச்சரியமான அளவுக்குச் சுலபம். 52100-இன் கார்பைடுகள் மிகப் பொடியாக இருப்பதால் கல் நன்றாகப் பிடிக்கும். ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை 1000 கல், அப்புறம் 3000 கல், மொத்தம் இருபது நிமிடம். கோணம் பிடிக்கத் தெரியவில்லை என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: 48 மில்லிமீட்டர் உயரமான அலகை 15 டிகிரியில் வைக்க வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அந்தக் கனத்துக்கு ஒரு மரத்துண்டு செதுக்கி வைத்துக்கொண்டேன், ஆரம்பிக்கும்போது அதை முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன். மறுபக்கத்தில் நீளம் முழுக்கப் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தேய்த்துத்தான் திருப்ப வேண்டும், பாதியில் திருப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இடையில் வாரம் ஒருமுறை தோல்பட்டையில் பத்து இழுப்பு. வரிவரியான எஃகுத் தண்டு வேண்டாம், இவ்வளவு கடினமான கூரை அது பொடிப்பொடியாக உடைக்கும். வெட்டுப்பலகை மரம் அல்லது மென்மையான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடிப் பலகையோ கல் மேடையோ என்றால் தீட்டிய கூர் ஒரே நாளில் போய்விடும்.

துரு விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் வெங்காயம் நறுக்கினால் வெட்டிய இடம் லேசாகப் பழுப்பாகும், ஒரு இரும்பு வாடையும் வரும். பயப்பட வேண்டாம். எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் பட்டுப் பட்டு அலகு முதலில் நீலமாக, அப்புறம் சாம்பலாக நிறம் மாறும். அந்தப் படலம் வந்ததும் பழுப்பும் வாடையும் நின்றுவிடும், செந்துரு வருவதையும் அது கொஞ்சம் தடுக்கும். என் அலகில் இப்போது முனைப் பக்கம் மயில் கழுத்து நிறம், நடுவில் புகை நிறம், ஒவ்வொரு மாதமும் மாறுகிறது, அதைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம். நறுக்கி முடித்ததும் கழுவி, துணியால் துடைத்து, அப்புறம் ஐந்து நிமிடம் காற்றில் விட்டு உள்ளே வைக்கிறேன். முழு வேலையும் ஒரு நிமிடத்துக்கு மேல் கையைப் பிடிப்பதில்லை. கூட வந்த மர உறைக்குள் ஈரத்தோடு ஒருமுறை வைத்துவிட்டேன், காலையில் முனையில் ஆரஞ்சுப் புள்ளிகள். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்ததும் போய்விட்டது. தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைப்பது இதைவிட மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெயும் மெழுகும். சமையல் எண்ணெயைப் பூசாதீர்கள், பல எண்ணெய்கள் காயாமல் பிசுபிசுத்து நாறும். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடவே கூடாது. சூடும் கார சோப்பும் மரத்தை வெளுத்து வெடிக்க வைக்கும், பிசின் ஏற்றிய மரமும் இதற்கு விலக்கில்லை.

நறுக்கியதும் தொட்டியில் போட்டுவிட்டு அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்ற பழக்கம் உள்ள வீடு, நான்கு பேர் நான்கு விதமாக எடுத்துப் புழங்கும் சமையலறை, இவற்றுக்கு இந்தக் கத்தி சரிப்படாது. அங்கே நல்ல துருப்பிடிக்காத எஃகுக் கத்தி வாங்குங்கள், நிம்மதியாக இருக்கும். தினமும் சமைக்கிறீர்கள், நறுக்குவது உங்களுக்குப் பிடித்த வேலை, ஒரு பொருளைத் துடைத்து வைக்கும் பொறுமை இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம், அலகைப் பார்த்து வாங்குங்கள்.

நான் இதே ஆளிடம் இரண்டாவது கத்தி சொல்லியிருக்கிறேன், பழம் நறுக்க 120 மில்லிமீட்டரில் சின்னது. எஃகு அதே 52100. பிடிக்கு வால்நட் மரம், ஒரே துண்டு, நேர் ரேகை, தகடும் வேண்டாம் பூணும் வேண்டாம் என்று எழுதினேன். பித்தளை போடாவிட்டால் முன்பக்கம் மொட்டையாகத் தெரியுமே என்றார். தெரியட்டும், வால் நுழையும் வாயை மட்டும் போன தடவை மாதிரியே அடைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.